ஒன்பதாவது மாடிக்கு ஏறிய சினைப்பசு

பென்னாகரம் பக்கம் முப்பத்தாறு வருஷம் மாட்டு டாக்டரா இருந்தவன் நான், சுந்தரமூர்த்தி. மாடு இருக்கிற இடத்துக்குச் சைக்கிள்ல போயிருக்கேன், ஆத்துல இறங்கிப் போயிருக்கேன். லிஃப்ட்ல ஏறின மாட்டை மட்டும் பார்த்ததில்லை. அந்தக் குறையும் போன வெள்ளிக்கிழமை தீர்ந்துச்சு.

இப்போ மகனோட பட்டணத்துல, அடுகோடிங்கற ஏரியாவுல அபார்ட்மென்ட் வாசம், ஒன்பதாவது மாடி. எதிர்வீட்டு லாவண்யாவுக்கு அன்னிக்குக் கிரகப்பிரவேசம். முதல்ல பசுவோட காலடி படணுமாம். விவேக் நகர் டொமினிக் தன் பசுவைச் சாமான் ஏத்துற லிஃப்ட்ல கூட்டிட்டு வந்தான். அவன் வீட்ல அதுக்குப் பேரு ரோஸி. கிரகப்பிரவேசத்துக்கு வந்தா லட்சுமி.

ஹால்ல கால் வெச்ச லட்சுமி அப்படியே படுத்துட்டா. பனிக்குடம் உடைஞ்சு புது டைல்ஸெல்லாம் தண்ணி. என் கதவை உடைக்காத குறையாத் தட்டினாங்க. போய்ப் பார்த்தா, கன்னோட மூக்கும் ஒரு முன்னங்காலும் வெளியே தெரியுது. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கு. அரைமணியில எடுக்கலைன்னா கன்னு போயிடும், தாயும் தேறாது.

"ஏன்டா அறிவுகெட்டவனே, நிறைசினையை யாராவது மாடிக்கு ஏத்துவாங்களா?"

"வயிறு நிறைஞ்சிருந்தா லட்சணமா இருக்குன்னு இந்த மாசம் கிராக்கி ஜாஸ்தி, டாக்டர் சார்"னு அழுதான் டொமினிக்.

ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு. ஆனா என் வலது தோள் தேஞ்சுபோய் கையைத் தூக்கவே முடியாது. உள்ளே விட மெலிசான கை ஒண்ணு வேணும்னேன். எல்லாரும் பின்னால நகர்ந்தாங்க. லாவண்யா மட்டும் வளையலைக் கழட்டினா.

"என்ன செய்யணும் அங்கிள், சொல்லுங்க."

"தோள் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. விளக்குக்கு வெச்ச எண்ணெயைத் தடவிக்கோ. அவ முக்கறதை நிறுத்தினதும் கன்னை உள்ளே தள்ளு. குளம்பை உள்ளங்கையால மூடிக்கிட்டு மெதுவா முன்னாடி கொண்டா."

பட்டுப்புடவையோட தரையில படுத்தா அந்தப் பொண்ணு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். என் கைக்குத் தெரிஞ்சதையெல்லாம் வாயால சொல்றதுக்குள்ள எனக்கு உயிரே போச்சு.

"அது காதும்மா. இன்னும் கீழே போ."

"கிடைச்சுது அங்கிள்! வருது, வருது!"

அவ புருஷனோட பட்டு அங்கவஸ்திரத்தை ரெண்டு காலுக்கும் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேர், காதுல ஹெட்செட்டோட, ஆபீஸ் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு இழுத்தாங்க. கன்னு வழுக்கிட்டு வந்து விழுந்துச்சு. மூச்சு இல்லை.

"வைக்கோல் குடுங்க, மூக்குல விடணும்!"

அங்கே வைக்கோலுக்கு எங்கே போறது? சாஸ்திரிகள் கையில இருந்த தர்ப்பையைப் பிடுங்கி மூக்குல விட்டுக் குடைஞ்சேன்.

"ஐயோ, மந்திரம் சொன்னது!"

"அப்ப இன்னும் நல்லது."

கன்னு தும்முச்சு. சாஸ்திரிகளே கைதட்டினார்.

நான் கையைக் கழுவிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். சர்வீஸ்ல அப்படித்தான். மூச்சு வந்ததும் ஓடணும், அடுத்த ஊர்க்காரன் வெளியே காத்துக்கிட்டு நிப்பான். வெளியே பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பி வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபாவுல உட்கார்ந்தேன்.

எழுந்து நின்னு பால் குடிச்சாத்தான் கன்னு பிழைச்சதுன்னு அர்த்தம். பாவம், டைல்ஸ்ல நாலு காலும் நாலு பக்கம் வழுக்குது. லாவண்யா ஓடிப்போய் யோகா மேட்டைக் கொண்டாந்து விரிச்சா. மூணு தடவை விழுந்துச்சு. நாலாவது தடவை நின்னுட்டுது, மடியைத் தேடிப் போச்சு.

எத்தனை ஆயிரம் கன்னு எடுத்திருப்பேன்! ஒண்ணு எழுந்து நிக்கறதை அன்னிக்குத்தான் முதல்முதலாப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னாடி வெக்கமில்லாம அழுதேன்.