ஒலிம்பியா பாய்ந்த பக்கம்

அம்மா ஸொய்லாவின் சவப்பெட்டியைப் பெனால்டி புள்ளியில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் யாமிலெத் பார்த்தாள். ஒலிம்பியா கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றிருந்தாள்.

எங்கள் மனபிக் கடற்கரை ஊர்களில் பந்தாடியவர் செத்தால், புதைக்கும் முன் மைதானத்துக்குக் கொண்டுவருவோம். கூட ஆடியவர்கள் பந்தைப் பெட்டிமேல் தட்டுவார்கள். அது பட்டுத் தெறித்து கோலுக்குள் போகும். கடைசி கோல். தடுக்க யாரும் நிற்கிற வழக்கமில்லை.

"அத்தை, வெளிய வாங்க. கோல் காலியாத்தான் இருக்கணும்."

"காலி கோல்ல அடிச்சாள்னு உங்கம்மாவுக்குப் பேர் வரணுமா? ஸொய்லா என்னை விடவே மாட்டா."

எண்பத்து நான்காம் வருடம் பெண்கள் லீக் இறுதியாட்டம். யாரும் கோல் போடவில்லை. கடைசி நிமிடத்தில் அம்மாவின் எஸ்த்ரெயா அணிக்குப் பெனால்டி கிடைத்தது. அம்மா பந்தை வைத்ததுதான் தாமதம், ஆண்கள் ஆட்டத்துக்கு நேரமாச்சு என்று அவளை உதைக்கவிடாமல் எல்லோரையும் வெளியே துரத்திவிட்டார்கள். கிளப்பில் தொங்கும் சாம்பியன் பலகையில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் அணியின் பெயர் உண்டு. அந்த வருடத்துக்கு மட்டும் ஒரு கோடு. பலகை எழுதுவது ஒலிம்பியா. அன்று எதிரணிக்குக் கோல் காத்தவளும் அவள்தான்.

மீன் சந்தையில் அம்மாவுக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த கடை. தினமும் இதே பேச்சு.

"இடது மூலையில போட்டிருப்பேன்."

"பிடிச்சிருப்பேன்."

"கிழிச்ச."

அம்மா படுக்கையில் மூச்சு வாங்கிக் கிடந்தபோதும் அது ஓயவில்லை. வாய்ச்சண்டை முடிந்ததும், கொண்டுவந்த கோழிக் குழம்பை ஒலிம்பியாவே ஊட்டிவிடுவாள். பலகையிலிருந்த அந்தக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. செத்தபிறகும் அம்மாவைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறாளோ என்று யாமிலெத்துக்குப் பயம்.

பழைய ஆட்டக்காரி ஒருத்தி பந்தைத் தட்டினாள். அது பெட்டியில் பட்டு, இடது மூலையைப் பார்த்து மெல்ல உருண்டது. குழந்தைகூடக் காலை நீட்டி நிறுத்தியிருக்கும். எழுபதைத் தாண்டிய ஒலிம்பியா மறுபக்கம் பாய்ந்து விழுந்தாள்.

அவள் வலையைப் பிடித்து எழுந்தாள்.

"ஏமாத்திட்டாடி உங்கம்மா."

அதுவரை அழாத யாமிலெத் அப்போது அழுதாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளப்பில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பியா பெயிண்ட் டப்பாவோடு பலகைப் பக்கம் போனாள்.

"ஸ்டூலைப் பிடி. விழுந்து தொலைச்சா உங்கம்மா அதுக்கும் சிரிப்பா."

யாமிலெத் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேலே, அந்தக் கோடு இருந்த இடத்தில், தூரிகை உரசும் சத்தம் கேட்டது. அவள் முகத்துக்கு நேரே ஒலிம்பியாவின் முழங்கால் இருந்தது. அதில் அப்பியிருந்த சேறு இன்னும் காயவில்லை.