கேமரா காட்டும் பக்கம்

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் அந்தச் சின்னக் கல்லூரியில் கால்பந்து என்றால் சனிக்கிழமைதான். டிவிக்காரர்கள் பணத்தைக் காட்டியதும் ஆட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு மாறியது. நவம்பர் குளிரில், மறுநாள் வேலையை வைத்துக்கொண்டு யார் வருவார்கள்? அரங்கில் முக்கால்வாசி காலி. வந்த கொஞ்சம் பேரில் வெர்னாவும் ஒருத்தி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வருஷ டிக்கெட் எடுத்திருந்த தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டுத் துறைத் தலைவர் ஹாலிஸ் படியேறி வந்தார்.

"மேடம், எதிர்ப்பக்கம் போய் உட்காருங்களேன். கேமரா அந்தப் பக்கத்தைத்தான் காட்டும். காலியா தெரிஞ்சா நல்லா இருக்காது."

"காலியாத்தானே இருக்கு?"

"அங்க சூடா சாக்லேட் பானம் தர்றோம்."

"சனிக்கிழமைய வித்துட்டு எனக்குச் சாக்லேட்டா?"

அவர் முகம் இறுகியது. "டிக்கெட் காசுல இந்த அணி ஓடல மேடம், டிவி காசுல ஓடுது. நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

வெர்னா எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

முட்டி வலி என்று வர மறுத்த புருஷன் லாயிட், சோபாவில் காலை நீட்டி அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில், எல்லாரையும் கொண்டுபோய் உட்கார வைத்த எதிர்ப்பக்கம் நிரம்பித் தெரிந்தது.

"கூட்டம் பரவாயில்லையே, அதுக்குள்ள ஏன் வந்துட்ட?"

"எல்லாம் வீட்டுலயே உக்காந்து பாக்குற உன்ன மாதிரி ஆளுங்களாலதான்" என்று டிவியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

அடுத்த வருஷம் அவள் டிக்கெட் எடுக்கவில்லை. கல்லூரியிலிருந்து யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை.