பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள்

ஒரு திங்கட்கிழமை மதியம், ஊரில் ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து வில்லனின் தம்பி காணாமல் போனான். காலைக் காட்சி பார்த்தவர்களுக்கு அவன் ஆட்களை வெட்டியதும், ஒரு பாட்டுக்கு ஆடியதும் நினைவிருந்தது. மதியக் காட்சியில் ஆளே இல்லை. அவன் இருந்த இடம் ஆறிய புண் மாதிரித் தழும்புகூட இல்லாமல் மூடிக்கொண்டிருந்தது. இடைவேளை சீக்கிரமே வந்துவிட்டதால் தியேட்டர் கடைக்காரர் அடுப்பு பற்றவைப்பதற்குள் கூட்டம் வந்து நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கும் கத்திரி, அந்தத் தம்பி படத்துக்குத் தேவையில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டான்.

கிடங்கில் அப்படி ஒரு வழக்கம். ஞாயிறு பார்த்த படத்தைத் திங்கள் மதியம் கிழிந்த சாக்குகளை விரித்து உட்கார்ந்து அலசுவார்கள். யார் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் கடைசியில் படத்திலிருந்து ஏதாவது ஒன்றை வெட்டியாக வேண்டும். வெட்டாமல் முடித்தால் அது விமர்சனமே இல்லை, "நீ என்ன தயாரிப்பாளருக்குச் சம்பந்தியா?" என்று கேட்டு எழுப்பிவிடுவார்கள். எல்லோரும்தான் வெட்டினார்கள், கத்திரி வெட்டியது மட்டும் வெட்டுப்பட்டது. முதலில் பனிமலைப் பாட்டு ஒன்று போனது. பிறகு சிரிப்பே வராத ஒரு சிரிப்புப் போலீஸ். வாடகைக்கு விடும் படக்கதைப் புத்தகங்களில் அவன் குறைசொன்ன பேசும் குதிரை போய்விட, அது நின்ற கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. பிள்ளைகள் அதில் வீட்டுப்பாடக் கணக்குப் போட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவன் மனைவி பார்க்கும் தொடரில்தான் விஷயம் கெட்டது. அதில் ஒரு நாத்தனார். காபி கொண்டுவந்து வைப்பாள், போவாள், வருஷக்கணக்காக அவ்வளவுதான். "காபி வைக்க ஒரு ஆளா? முன்னாடியே மேசையில வச்சுட்டா போச்சு" என்று வாயில் சோற்றோடு சொன்னான் கத்திரி. மறுநாள் காபி முன்னாடியே மேசையில் இருந்தது. மனைவி டிவியை அணைத்தாள். சில நாள் கழித்து, அந்த வேடம் போட்ட பெண் கிடங்குக்கு வந்தாள். காவலாளியின் கண்ணில் அவள் படவில்லை. கத்திரிக்கு மட்டும் தெரிந்தாள். பஸ்ஸில் தன் மடிமேலேயே ஒருவர் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். "அண்ணா, எங்கம்மாவே எனக்குத் தட்டு வைக்க மறந்துட்டாங்க. என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கண்ணா" என்றாள். அவனும் சொல்லிப் பார்த்தான். நல்லா நடிச்சம்மா, நல்லா நடந்து வந்தம்மா, ஒரு சொட்டு சிந்தலம்மா. ஒன்றும் ஆகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால் நின்ற லாரியின் நம்பர் தெரிய ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் லாரி மட்டும் நின்றது. அன்றிலிருந்து கத்திரி எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான்.

அப்புறம் சினிமாக்காரர்கள் கிடங்குக்கே வந்தார்கள். எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்து, லாரி ஓரமாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். பிறகு, போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். கொட்டகைக் கூரைமேல் இன்னொரு கேமரா ஓடிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை. படம் வந்ததும் குடும்பத்தோடு போனார்கள். சிரித்த காட்சி வரவேயில்லை. "நான் தும்முனேன்ல, அப்பப் போயிருக்கும்" என்றான் கத்திரியின் மச்சினன். அவனும் அங்கே மூட்டை தூக்குகிறவன்தான். கத்திரியின் மனைவி மட்டும் இருட்டில் சிரித்துக்கொண்டாள். கடைசிக் காட்சியில் கதாநாயகன் அழும்போது, அவனுக்குப் பின்னால், தலையெல்லாம் சிமெண்ட் வெள்ளையாக, முதுகு காட்டி வரிசையாகச் சிலர் மூட்டை சுமந்து போனார்கள். ஒருவன் வலது காலை லேசாக இழுத்து நடந்தான். தினமும் தைலம் தேய்த்துவிடும் முதுகு அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். அவன் பஸ்ஸிலேயே தூங்கிப்போனான். விடிந்ததும் வேலைக்கு ஓடிவிட்டான்.

மதியம் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம இடத்துல எடுத்த படத்துக்குமா வாய்ப்பூட்டு, மாமா?" என்று மச்சினன் துண்டை இழுத்தான். கத்திரி எழுந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தைப் புகழ்ந்தான். பாட்டை, சண்டையை, அந்த அழுகையை.

"சரி, வெட்டு எங்க?"

"வேணாண்டா."

"வெட்டு இல்லையா? அப்ப சம்பந்திதான். மாப்பிள்ளை வீட்டுக்காரரே, எழுந்திரிங்க!"

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. கத்திரி வெகுநேரம் யோசித்தான். யாருக்கும் சேதம் வரக்கூடாது. பேர் இல்லாதது, பேச்சு இல்லாதது, முகமே இல்லாதது எதுவென்று தேடினான்.

"ஹீரோ அழறப்ப பின்னாடி எவனுங்களோ மூட்டை தூக்கிட்டுப் போறானுங்க பாரு, அவனுங்க எதுக்கு? தேவையில்ல."

"கரெக்ட் மாமா! எனக்கும் இடைஞ்சலாத்தான் இருந்துச்சு" என்று மச்சினன் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள். தன் முதுகை அங்கே எவனும் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த மேற்பார்வையாளர், விரித்த சாக்குகளையும் திறந்து கிடந்த தூக்குகளையும் பார்த்துவிட்டு, எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. "ஏங்க, நேத்து படத்துல உங்க முதுகைப் பாத்தேனே" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமல். திரும்பியபோது செருப்பு மட்டும் கிடந்தது.

கடைசிக் காட்சி இப்போது கச்சிதமாக இருக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். படம் நன்றாக ஓடியது. கிடங்கிலும் வேலை நிற்கவில்லை. மூட்டைகள் முதுகு உயரத்துக்கு எழும்பி, வரிசையாகப் போய் லாரியில் ஏறின. பிறகு வந்த புது மேற்பார்வையாளர் மிரண்டுபோய் லாரி டிரைவரிடம் கேட்டார். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, "எப்பவும் இப்படித்தானே சார் ஏறும்?" என்றார். மதியமானால் கத்திரியின் மனைவி தூக்கோடு வருவாள். வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும் மூட்டை இறங்கும்வரை நிற்பாள். பிறகு முந்தானையால் காற்றைத் துடைப்பாள். சிமெண்ட் தூசி உதிரும். தூக்கு காலியாகத் திரும்பி வரும்.