வேண்டாமென்று சொன்ன மதிப்பெண்

எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. அதன்மேல் எனக்குத் தீராத கோபம். கதவைத் திறந்து போட்டு, மாணவனை எதிரே உட்காரவைத்து, எல்லாரும் கேட்க வாய்மொழியாகவே பரீட்சை நடத்துவார்கள். முடிந்ததும் முப்பதுக்கு இத்தனை என்று சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். பாஸாகியிருந்தாலும், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். இன்னொரு தடவை போய் உட்கார்ந்துகொள்ளலாம். ரோஷமுள்ள பிள்ளைகளைக் கெடுப்பதற்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு.

என் தம்பி தொனாத்தோ வடக்கே பொலோன்யா நகரத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்தான். லத்தீனில் முப்பது, பண்டைய வரலாற்றில் முப்பது. கிரேக்கத்தில் மட்டும் இருபத்துநாலு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பா எங்கள் ஊரில், பொதென்ஸாவில், பஸ் ஓட்டுகிறவர். இருபத்துநாலைத் தூக்கி எறிந்துவிட்டான் என் பையன் என்று அவர் பெருமையடித்துக்கொள்ளாத பயணி கிடையாது. அடுத்த தடவை எவ்வளவு என்று ஊரே கேட்டது. முப்பது என்று தொனாத்தோ போனில் சொன்னான். நாங்கள் கேக் வாங்கி வெட்டினோம்.

கடைசியில் ஒருநாள், ஜூலையில் பட்டம் என்றான். அம்மா முற்றத்து மரத்தில் இலை பறித்து, சிவப்பு ரிப்பன் வைத்துத் தலைமாலை கட்டினாள். கறியில் போடுகிற அதே பிரிஞ்சி இலைதான். பட்டம் வாங்கும் அன்றைக்கு மட்டும் அதற்குத் தலையில் ஏறும் யோகம்.

அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்க நான் முதல் நாளே பொலோன்யாவுக்குப் போய்விட்டேன். எத்தனை மணிக்கு, எந்த மண்டபம், நண்பர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே தேய்த்தேன். அவன் சமையலறை மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நாளைக்குப் பட்டமெல்லாம் இல்ல. கிரேக்கம் நான் இன்னும் பாஸே பண்ணல."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். இல்லாவிட்டால் சட்டை கருகியிருக்கும், அல்லது அவன்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்குப் போயிருக்கிறான். கடைசிப் பெஞ்சில் உட்காருவான். பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்திருக்க மாட்டான். முன்னால் யாரோ தட்டுத் தடுமாறிப் படிக்கும் வரிகள் இவனுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனாலும் இருபத்துநாலை உதறினவன் போய் இருபத்தஞ்சு வாங்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று கால் எழும்பாதாம். அந்தப் பயம் தொற்றி இன்னும் மூன்று பாடங்கள் அப்படியே நின்றுவிட்டன. நாளைக்கு மறுபடி கிரேக்கப் பரீட்சை. பெயர் கொடுத்திருக்கிறான். அதே தேதியைப் பட்டத்துக்கும் சொல்லிவைத்தால், எங்கள் கண்முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள்ளாவது நுழையலாமே என்று நினைத்தானாம்.

"உன்னைச் செருப்பாலயே அடிக்கணும்," என்றேன். "அவங்க ரெண்டு பேரும் ரயில் ஏறியாச்சுடா."

"தெரியும்க்கா. அதான் சாப்பாடு எறங்கல."

திட்ட இன்னும் நிறைய இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. அதன்பிறகு அவனை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடவில்லை. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்ல வேண்டும், அதுவும் ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் சொல்ல வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னேன்.

சாயங்காலம் ரயில் வந்தது. அப்பா என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். அம்மா கையில் நூல் கட்டிய கேக் பெட்டி, அதற்குள் தலைமாலை. பட்டம் வாங்குவதற்கு முன்னால் மாணவன் அந்தத் தலைமாலையைத் தொட்டால் ஆகாது என்பார்கள். இவன் பக்கத்தில் வந்ததும் அம்மா பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அங்கேயே, அந்தக் கூட்டத்தில், சொல்லிவிட்டான்.

அப்பா கத்தவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே கேட்டார்:

"அந்த இருபத்துநாலுக்கு என்னடா கொறச்சல்?"

பஸ்ஸில் அவர் அடித்த பெருமையெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடப் பார்த்தார். அம்மாதான் விடவில்லை. பரீட்சைக் கதவு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இவன் என்னதான் படித்தான் என்று கேட்டுவிட்டே போவோம் என்றாள்.

மறுநாள் காலை நாங்கள் நாலு பேரும் அவனுடைய அந்தக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள்.

"போப்பா, ஒன்னத்தான் கூப்புடுறாங்க," என்றாள் அம்மா, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

போனான். பேராசிரியை சுக்கரெல்லி ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எங்கள் மூவருக்கும் அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் குரல் நடுங்காமல் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொருள் சொல்லத் தொடங்கியதும் ஓரிடத்தில் சிக்கினான். சமாளித்து மேலே போனான், மறுபடி சிக்கினான். அந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் அவசரப்படுத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இருபத்தொண்ணு," என்றார் கடைசியில். "ஏத்துக்கறீங்களா?"

தொனாத்தோ திரும்பி எங்களைப் பார்த்தான். அவனுடைய மோவாய் மேலே எழும்பியது. சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும், அது எழும்பினால் வாயிலிருந்து வேண்டாம் என்றுதான் வரும். அப்பா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற நான் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டேன்.

"ஏத்துக்கறேன்," என்றான். காதில் விழவில்லை என்று பேராசிரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னான்.

யாரும் கை தட்டவில்லை. வெளியே வந்ததும் அப்பா அவனோடு அந்நிய மனிதரைப்போலக் கை குலுக்கிவிட்டு முன்னால் நடந்தார். பாக்கி மூன்று பாடங்களுக்காக அவன் அங்கேயே தங்கினான். நாங்கள் ஊர் திரும்பினோம். வழி முழுக்க அம்மா மடியில் அந்தப் பெட்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டுக்கறி சமைத்தாள். முற்றத்து மரத்தில் இலை கொட்டிக் கிடக்கிறது. அப்படியும் அந்தப் பெட்டியைத் திறந்து, மாலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து, ஒவ்வொன்றுக்கும் மகனை ஒரு வசவு வைது, பானையில் போட்டாள். ஸ்டேஷனுக்குப் பிறகு தொனாத்தோவின் பெயரையே எடுக்காத அப்பா, ஒயின் எடுக்க வந்தவர், அதைப் பார்த்து நின்றார்.

"எல்லாத்தையும் போட்டுடாத," என்றார்.