பெஞ்சமினுக்கு இரண்டு நாற்காலிகள்

செல்வமலருக்கு ஐம்பத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் சட்டத்தரணியாக இருந்தவர். பிறகு சுவிஸில், ஜெர்மன் பேசும் சூரிச்சில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் லண்டனின் ஹரோவுக்கு வந்த பின், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் திரும்பவும் சட்டம் படிக்கத் தொடங்கினார். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர். ஆறு கிழமையாக அவர் வாய் திறக்கவே இல்லை. தன் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை அடிக்கிறதென்று வெட்கம்.

ஏழாவது கிழமை ஆசிரியை ஹெலன் பெயர்த் துண்டுகளை ஒரு தொப்பிக்குள் போட்டு நீட்டினார். கையில் வரும் வழக்கறிஞரைப் பற்றி அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். செல்வமலருக்கு யூதா பெஞ்சமின் வந்தார். முன்பின் கேள்விப்படாத பெயர்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் கணவர் சண்முகராசாவிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, இந்தாள் அமெரிக்காவில பெரிய லோயர், செனட்டர். உள்நாட்டுச் சண்டையில தோத்த பக்கம். பிடிபடாமல் இருக்க பிரெஞ்சுக்காரன் மாதிரி நடிச்சு, சின்ன வள்ளத்தில தப்பி, கடைசியா லண்டனுக்கு வந்திட்டார்."

"எந்த ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு வந்தவனாம்?"

"பகிடி விடாதேங்கோ. இஞ்ச வந்து திரும்பவும் மாணவனாச் சேர்ந்தவர். பாரிஸ்டர் ஆகேக்க வயசு ஐம்பத்துநாலு."

புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த சண்முகராசாவின் கை நின்றது. "உம்மட வயசு."

"ஓம்."

அன்றே பெஞ்சமினின் படம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறியது. தாடிக்காரர், உருண்ட முகம், சிரிப்பை அடக்குவது போன்ற வாய். சனிக்கிழமை நூலகத்திலிருந்து திரும்பிய செல்வமலர், கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தைக் கழற்றினார்.

"கரும்புத் தோட்டம் வைச்சிருந்தவர். அதில நூற்றிநாற்பது அடிமையள். தோத்த பக்கம் எண்டால் அடிமை வைச்சிருக்கச் சண்டை பிடிச்ச பக்கம். இந்தாளைப் பற்றி என்னால பேச ஏலாது. வேற பேர் கேக்கப் போறன்."

சண்முகராசா மின்சார வேலை செய்பவர். கதவுமணியைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "யாழ்ப்பாணக் கோர்ட்டில உமக்குப் பிடிச்ச ஆக்களுக்கு மட்டுமே பேசினனீர்?"

செல்வமலர் மறுநாள் முழுக்க வாசித்தார். அப்போதுதான் ஒரு கப்பல் வழக்கு கண்ணில் பட்டது. ஏற்றிச் செல்லப்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்றார்கள். உடைமையாளர்கள் காப்புறுதி நட்டஈடு கேட்டார்கள். காப்புறுதிக்காரருக்காக வாதாடிய பெஞ்சமின், அடிமையும் மனிதன்தான், அவனுக்கும் விடுதலை ஆசை உண்டு என்று நீதிமன்றத்தில் சொன்னார். சொன்னவரே சில வருடங்களில் அந்தத் தோட்டத்தை வாங்கினார்.

செல்வமலர் வாசித்ததை மூடி வைத்தார். எப்படிப் பேசுவதென்று இப்போது தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வகுப்பின் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டார். இடது நாற்காலியின் பின்னால் நின்று பெஞ்சமினுக்காகப் பேசினார். ஓரிடத்தில் ஆங்கிலச் சொல் வராமல் ஜெர்மன் சொல் வந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். பிறகு வலது நாற்காலிக்கு நடந்து போய், "கற்றறிந்த என் நண்பர் ஒரு தோட்டத்தை மறந்துவிட்டார்" என்று தொடங்கினார். அந்தக் கப்பல் வழக்கில் பெஞ்சமின் சொன்னதையே எடுத்து, அவருக்கு எதிரான சாட்சியாக வைத்தார்.

கடைசியில் வகுப்பையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார். வழக்கறிஞராக வல்லவர், மனிதராகக் குற்றவாளி. பன்னிரண்டு பேர் சம்மதம், இரண்டு பேர் மறுப்பு.

வெளியே போகும்போது ஹெலன் மறித்தார். லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் வியாழக்கிழமைகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை நடத்துகிறார்களாம். தமிழும் தெரிந்த ஒருவர் வேண்டும், வருவீர்களா என்று கேட்டார். செல்வமலர் யோசிக்காமல் சம்மதித்தார்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"எப்பிடிப் போச்சு?" என்றார் சண்முகராசா.

"வென்றனான்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் நான்தானே."

வியாழக்கிழமை அவர் முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தவள் கோசிகா என்ற இளம்பெண். கைக்குழந்தை, வீட்டைச் சூடாக்காமல் மூன்று கிழமையாகப் பழுதாய்க் கிடக்கும் பொய்லர், போனை எடுக்காத வீட்டுக்காரர். பேச்சைத் தொடங்கும்போதே கண் கலங்கியது.

"அழாதேங்கோ பிள்ளை. வீட்டுக்காரருக்கு எழுதின மெசேஜ் எல்லாத்தையும் காட்டுங்கோ."

அன்றே வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போனது. நான்காம் நாள் கோசிகாவின் வீடு சூடாகியது.