கலப்பரிசிச் சோறு

எங்கள் வீட்டுச் சோறு பல வருடங்களாக ஒரே பதத்தில் வெந்ததில்லை. பச்சையரிசி குழைந்திருக்கும். சம்பா சரியாக இருக்கும். சிவப்பரிசி இடையிடையே கடிபடும். அப்பா அதை வைத்து ஒரு விளையாட்டு வைத்திருந்தார். சோற்றை விரலால் விலக்கி, எந்த அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்வார்.

"இது மிரியம் ரீச்சர் வீட்டுக் கீரிச்சம்பா, விலை கூடின அரிசி. அவவுக்குப் பென்சன் வந்திட்டுது போலை."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கறி விடுவார்.

இத்தனைக்கும் எங்களுக்கு வட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு துண்டு வயல் இருந்தது. மாரிமழையோடு வரும் காலபோகத்தில் அப்பா மொட்டைக்கறுப்பன் விதைப்பார். நல்ல சிவப்பரிசி. அது வேறு வீடுகளில் வெந்தது.

எங்கள் வேதக்கோயிலில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தகரப் பேணியில் தனியாகப் போட்டு வைப்போம். அது ஆண்டவருடைய பங்கு. சனிக்கிழமைகளில் அம்மா மாதர் சங்கத்துக்காகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து வருவார். எல்லா வீட்டு அரிசியும் ஒரே உரப்பையில் விழும். கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு அது போகும்.

நான் சிறுமியாக இருந்தபோது அது உதயகலா அன்ரி வீட்டுக்குப் போனது. அவருடைய கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். மகள் தாரிகா என்னுடைய வகுப்பு. ஒரு மத்தியானம் எங்கள் வகுப்பு வித்தியா அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உது கோயில் அரிசியெல்லோ. எங்கடை அம்மா போட்ட பச்சையரிசியும் உதுக்குள்ளை கிடக்கு, பாருங்கோடி."

பிள்ளைகள் சிரித்தார்கள். தாரிகா பெட்டியை மூடினாள். அதன் பிறகு அவள் சாப்பாடு கொண்டுவரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை உரப்பையைக் குசினியில் எங்கள் பானைக்குள் கொட்டினார். மொட்டைக்கறுப்பனை அதே அளவுக்கு அளந்து அதே பையில் போட்டுக் கட்டினார்.

"ஆருக்கும் கதைக்கிறேல்லை" என்று அப்பாவுக்கும் எனக்கும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

தாரிகா படித்து முடித்து வேலைக்குப் போகும் வரை அப்படித்தான் நடந்தது. பிறகு வேறு வீடுகள் வந்தன. அம்மா வழக்கத்தை மாற்றவில்லை. அந்தத் தொடக்க நாட்களில் வித்தியா என் பெட்டியையும் பார்த்தாள். எங்களுக்கும் கஷ்டமோ என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

அம்மா போன மாசியில் இறந்துபோனார். சங்கத்தில் எல்லாருக்கும் அவர் வினிபிரட் அக்கா. அங்கே அரிசி சேர்க்கிற வேலையை உதயகலா அன்ரி எடுத்துக்கொண்டார். அம்மா இல்லாததால் எங்கள் அரிசி எங்கள் வீட்டிலேயே தங்கியது.

அப்பா மெலியத் தொடங்கினார். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து சிறுத்துப்போனது. கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இவர் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரி வாட்டில்தான் வைத்திருக்க வேண்டும் என்றார். நான் மொட்டைக்கறுப்பனைக் கவனமாகச் சமைத்தேன். அப்பா நாலு வாய் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். கையைக் கழுவினார். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

கலப்பரிசிதான் குறை என்று நினைத்தேன். கடையில் மூன்று வகை அரிசி வாங்கினேன். நான் இரசாயனவியல் படித்தவள். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சோதித்துப் பார்த்து ஊறவைத்தேன். எல்லாம் ஒன்றாக, பதமாக வெந்தது. அப்பா சோற்றை விரலால் விலக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதிலை ஒருதரும் இல்லையே, பிள்ளை" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உதயகலா அன்ரியிடம் போனேன். எப்படிக் கேட்பதென்று இரவே யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. பிடியரிசியில் கொஞ்சம் எங்களுக்குத் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கஷ்டமோ பிள்ளை?"

இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அம்மாவின் கதை வெளியே வரும்.

"ஓம் அன்ரி" என்றேன்.

மறுநாள் பின்னேரம் அவர் ஸ்கூட்டியில் ஒரு பை அரிசியோடு வந்தார். பையைத் திறந்து பார்த்தேன். சிவப்பரிசி. கல், உமி எதுவும் இல்லை. ஒரே இனம்.

"இது எங்கடை வீட்டிலை இருந்தது. கோயில் அரிசி கலப்பு. உங்களுக்கு அதைத் தர எனக்கு மனம் வரேல்லை" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "வினிபிரட் அக்கா எங்களுக்கு ஒருநாளும் கலப்புத் தரேல்லை, அண்ணை. சனம் எங்களுக்கெண்டு பாத்து ஒரே அரிசியாப் போடுதெண்டுதான் நான் நினைச்சிருந்தனான். இப்ப நான் சேர்க்கேக்கை பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலையும் ஒவ்வொண்டு. அவ இருந்து பொறுக்கினவாவோ, என்னவோ."

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையின் வாயைக் கட்டினேன். எங்கள் சபையைச் சேர்ந்த சுபாஸ் அண்ணை பனையால் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார். இப்போது பிடியரிசி அவர் வீட்டுக்குத்தான் போகிறது.

"அன்ரி, உதைச் சுபாஸ் அண்ணை வீட்டை குடுங்கோ. எங்களுக்கு அந்தக் கலப்பைத் தாங்கோ. அப்பா அதுதான் சாப்பிட்டுப் பழகினவர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

"பழகினவரோ" என்றார் உதயகலா அன்ரி. மெதுவாகக் கதிரையில் இருந்தார். எங்கள் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னை. பிறகு அப்பாவை.

"தாரிகா எப்பிடி? இன்னும் வவுனியாவிலையோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம் அண்ணை" என்றார் அவர். நான் தேத்தண்ணி போட்டேன். ஆறும் வரை அன்ரி அதைக் கையில் வைத்திருந்தார். போகும்போது சிவப்பரிசிப் பையைத் தானே தூக்கி ஸ்கூட்டியில் வைத்தார். இருட்டுவதற்கு முன் திரும்பி வந்து உரப்பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

நான் எதையும் ஊறவைக்கவில்லை. அரிக்கன் சட்டியில் அரித்து, எல்லாவற்றையும் ஒன்றாக உலையில் போட்டேன். அது வெந்துகொண்டிருக்கும்போது மொட்டைக்கறுப்பனை அளந்து, வருகிற சனிக்கிழமைக்கென்று ஒரு பையில் கட்டிவைத்தேன்.

அப்பா முதல் வாயை மென்றார். ஒரு அரிசி கடிபடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. அவர் விரலால் சோற்றை விலக்கினார்.

"மிரியம் ரீச்சர் வெறும் சம்பாவுக்கு மாறீட்டா" என்றார். "பென்சன் காணாது போலை."

கொஞ்சம் பொறுத்து, ஒரு சிவப்புப் பருக்கையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"இது உதயகலா போட்ட பிடி."

பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டு, இன்னும் போடச்சொல்லி என் பக்கம் நீட்டினார்.