செரோக்கித் தலைவர் தலைகுனிகிறார்

நம்மவர் புலம்பெயர்ந்து வந்த லாசாலில், ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட் மண்டபத்தில், ஞாயிறுதோறும் பின்னேரம் மூன்று மணிக்கு அமெரிக்கா பறிபோய்க்கொண்டிருந்தது.

அந்த நாடகத்தை எழுதி இயக்கியவர் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் ஞானசுந்தரம். ‘கலைச்செம்மல்’, ‘நாடகப் பேரொளி’ என்று அவருடைய பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் சபையோரின் தேநீர் ஆறிவிடும். பட்டங்களைக் கொடுத்தது சங்கம். சங்கம் என்றால் அவர்தான்.

கதை 1775இல் நடப்பது. வெள்ளைக்காரக் குடியேறிகளின் காணிக் கம்பனி ஒன்றுக்குச் செரோக்கிப் பழங்குடித் தலைவர்கள் பெருநிலத்தை எழுதிக்கொடுத்த கதை.

“பாலத்துக்கு அங்கால மொஹோக் பழங்குடிச் சனம் இருக்குது. அவையின்ர கதையைப் போடலாமே?” என்று உடைகளுக்குப் பொறுப்பான தக்ஷினி முதல் நாளே கேட்டார்.

“அவை பக்கத்தில இருக்கினம் பிள்ளை. வந்து பாத்தாலும் பாப்பினம்,” என்றார் ஞானசுந்தரம்.

செரோக்கிகள் தூரத்தில் இருந்தார்கள். பிழை பிடிக்க வரமாட்டார்கள். ஆகவே ஒப்பந்தக் காட்சியில் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. கம்பனித் தலைவராக நடித்த ஞானசுந்தரம், காணியை எழுதி வாங்கிய கையோடு செரோக்கித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நிலத்தைப் பறிகொடுத்தவனுக்குப் பொன்னாடை போர்த்தும் யோசனை நம்மவரைத் தவிர வேறு யாருக்கும் வந்திராது.

செரோக்கித் தலைவர் விமலநாதன். திருகோணமலைப் பக்கத்து ஆள், சென்ட் லோரன்டில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவர், அதிகம் கதைக்காதவர். பாத்திரத்துக்கு அதுதான் தகுதி. கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மகன் ஏசுவதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டும். மகனான இளம் வீரன், அவருடைய சொந்தத் தம்பி றூபன். வயது ஐம்பத்துநாலு, முழங்காலில் பட்டி. பிரதியில் ‘இளம்’ என்ற சொல் மட்டும் அடிக்கோடிடப்பட்டிருந்தது.

தலைகுனிய விமலநாதனுக்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் றூபனைச் சீருடைக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் ஒருவன் தாள் ஒன்றோடு வந்தான். தகப்பனின் ஆறு ஏக்கர் வயலைக் குடியேற்றத்துக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. தகப்பன் செத்து மூன்று மாதம். மூத்த மகன் விமலநாதன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் தம்பி வீடு வந்து சேர்ந்தான். வயலைப் பறித்துவிட்டார்கள் என்று மட்டும் அவர் எல்லோருக்கும் சொன்னார். முப்பத்தைந்து வருடங்களாக அதுவே கதை. இப்போது வயலை மீட்க றூபன் வழக்குப் போடப்போகிறான். அடுத்த மாதம் ஊருக்குப் போய்க் காணிக் கந்தோரில் பழைய கோப்புகளைக் கிளறுவான். அங்கே அவன் கையில் என்ன தாள் அகப்படும் என்பது விமலநாதனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு ஒத்திகை இடைவேளையில் றூபன் மீன் ரோல்ஸைக் கடித்தபடி வந்தான்.

“உந்தச் செரோக்கிக் கிழவங்கள் சரியான விசரங்கள் அண்ணை. அவ்வளவு நிலத்தையும் குடுத்துப்போட்டு, சாமானைப் பங்கு பிரிக்கேக்க ஒருத்தனுக்கு ஒரு சட்டைதானாம் கிடைச்சது. எங்கட ஆக்களெண்டால் செத்தாலும் கையெழுத்து வையாயினம்.”

“ஓம்,” என்றார் விமலநாதன்.

“அப்பாவின்ர வயலை ஒருத்தரும் எழுதிக் குடுக்கேல்லையே. பறிச்சவங்கள். அதுதான் எங்கட வழக்கின்ர பலமெண்டு லோயரும் சொன்னவர்.”

விமலநாதன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“எல்லாரும் மேடைக்கு!” என்று ஞானசுந்தரம் கைதட்டினார். “விமலநாதன், இண்டைக்கு நீர் கொஞ்சம் கம்பீரமாத் தலையைக் குனியும்.”

கம்பீரமாகத் தலைகுனிவது எப்படி என்று நாடகப் பேரொளி விளக்கவில்லை.

விமலநாதன் இறகுப் பேனாவால் கையெழுத்திட்டார். பொன்னாடை தோளில் விழுந்தது. முழங்கால் விட்ட அளவுக்கு றூபன் பாய்ந்து வந்தான்.

“யாருக்காக எழுதிக்கொடுத்தீர் தந்தையே? யாருக்காக?”

குனிய வேண்டிய இடம். விமலநாதன் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“உனக்காகத்தான்.”

ஞானசுந்தரம் அவசரமாகப் பிரதியைப் புரட்டினார். “இப்பிடி ஒரு வசனம் இல்லையே... ஆனா நல்லாக்கிடக்கு. தொடரும், தொடரும்.”

“உன்னை விடுறதெண்டால் வயலை எழுதித் தா எண்டாங்கள். எழுதிக் குடுத்தனான்.”

றூபனின் கையிலிருந்த அட்டைக் கோடரி மெல்லத் தாழ்ந்தது. “எப்ப?”

“தொண்ணூறில. நீ வீட்டை வாறதுக்கு முதல் நாள்.”

“தொண்ணூறோ?” ஞானசுந்தரம் பதறிப்போனார். “இது ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தைஞ்சு ஐசே! சரித்திரத்தில கை வைக்காதையும்!”

றூபன் இறகுத் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

இருவரும் வந்தது றூபனின் காரில். அது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் விமலநாதன் படியேறினார். கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாங்கள் குடுக்கேல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்,” என்றான் றூபன், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. “பக்கத்திலயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்.”

“சொல்லியிருந்தா நீ அந்த வயலைத் தலையில காவிக்கொண்டு திரிஞ்சிருப்பாய்.”

“இப்ப மட்டும்?”

விமலநாதன் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினார்.

“அடுத்த மாசம் நீங்களும் வாறீங்கள்,” என்றான் றூபன். “ஏன் கையெழுத்துப் போட்டனீங்கள் எண்டு அந்தக் கந்தோரில நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா ஆர் நம்புவான்?”

“அந்தத் தாளைக் கொண்டுவந்தவன் இன்னும் அங்கதான் இருக்கிறானாம்.”

“எங்கட வயலில இருக்கிறவனோ?”

“எனக்குப் பயமாக்கிடக்கு தம்பி.”

“எனக்கும்தான்,” என்றான் றூபன், காரை எடுக்காமலே.